வீட்டில் இருப்பவர்

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதன் தலைமாட்டில் மூன்று கோடுகள் நிரப்ப வேண்டும். நோயாளியின் பெயர், தினமும் மாத்திரை கொடுப்பவரின் பெயர், உறவு. முதல் கோட்டில் தாணுமாலையன் என்று நர்ஸ் மைதீன் பாத்திமாவே எழுதிவிட்டாள். இரண்டாவதில் அவருடைய மனைவி, பிரம்மநாயகி என்று தன் பெயரை எழுதினாள். மூன்றாவது கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனைவி என்ற மூன்றெழுத்தை எழுத ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பிரம்மநாயகி ஜன்னலைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நிறுத்தி நிதானமாக ‘வீட்டில் இருப்பவர்’ என்று எழுதிப் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

பாத்திமா அதை வாசித்துவிட்டுத் தாணுமாலையனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வார்டில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள், இதைவிடப் பெரிய கூத்துகளையும் பார்த்திருப்பாள். காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, உங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும், விழுங்கிய பிறகுதான் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் பிரம்மநாயகியிடம் சொல்லி அனுப்பினாள்.

தாணுமாலையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொக்கிரகுளத்தில் சர்வே ஆபீஸில் வரைபடம் வரைகிறவர். வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் எல்லைக்கோடு போட்டே முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஊரான் நிலத்துக்கெல்லாம் எல்லை போட்டவருக்குத் தன் எல்லை தெரியாமல் போனதுதான் வேடிக்கை. முதலில் சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு ஆபீஸ் விட்டால் பிராந்திக்கடை என்று ஆனது. கடைசியில், கை நடுங்காமல் கோடு போடவே காலையில் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் என்கிற கதிக்கு வந்து நின்றது.

1994 ஆவணியில் ஆபீஸிலேயே வலிப்பு வந்து விழுந்தார். பாளையங்கோட்டையில் குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே கொண்டு சேர்த்தது ஆபீஸ் பியூன் கொம்பையா. கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. கொம்பையா கையெழுத்துப் போட்டார், இரண்டு நாள் இருந்தார், மூன்றாம் நாள் தன் பிழைப்பைப் பார்க்கப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டு கட்டில்கள் உள்ள வார்டு. ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பாய், அதில் ஒரு மனைவியோ அம்மாவோ தம்பியோ. தாணுமாலையனின் கட்டிலுக்குக் கீழே மட்டும் வெறும் தரை. சும்மா கிடக்கிற இடத்தை யார் விடுவார்கள்? பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் கூடையை, பிளாஸ்க்கை, ஈரத்துணி வைத்த வாளியை அங்கே தள்ளி வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி, உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே என்று கேட்டார்கள். இல்லை என்றார். உண்மையில் அந்தக் கூடைகள் அங்கே இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தனக்கும் ஆள் இருக்கிற மாதிரித் தெரியும் அல்லவா. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டிஸ்சார்ஜ் ஆகிப் போனபோது கூடைகளும் போயின. கடைசிக் கூடை போன அன்றைக்குத் தன் செருப்பை அங்கே தள்ளி வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஞானசம்பந்தன் தினமும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, ஒரு கோடு போடுங்கள் என்பார். முதல் வாரம் கோடு பாபநாசத்திலிருந்து மலை ஏறுகிற ரோடாக வளைந்து வளைந்து போனது. பதினைந்தாம் நாள் கொஞ்சம் நிமிர்ந்தது. இருபத்தோராம் நாள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக விழுந்தது. தாணுமாலையன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காட்டுவதற்கு ஆள் இல்லை, ஆனாலும் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைதோறும் வீட்டார்களை உட்கார வைத்து டாக்டர் வகுப்பு எடுப்பார். ஆள் வராத தாணுமாலையனும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார். இந்த மாத்திரை குடியை மறக்க வைக்காது, ஆனால் உடம்புக்குள் இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி எடுத்து உயிர் போய் உயிர் வரும் என்பார். குடி எதில் ஒளிந்திருந்தாலும் அது விடாது, சில இருமல் மருந்திலும் இருக்கும், அரிஷ்டத்திலும் இருக்கும், நாட்டு மருந்துதானே என்று கொடுத்துவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள். மாத்திரை கொடுக்கிறவர் கட்டாயம் படிக்க வேண்டும் என்று அதன் மேலேயே போட்டிருந்தது.

பிரம்மநாயகி ஒரு வியாழக்கிழமையும் வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு மட்டும் வந்தாள். அதுவும், மாத்திரை கொடுக்க ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று பாத்திமா அடுத்த வீட்டு டெலிபோனுக்கு மூன்று தடவை பேசிய பிறகு.

அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் சித்ரலேகாவுக்குக் கல்யாணம். தாரை வார்க்கிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் மண்டபத்துக்குப் பின்னால், சமையல் அண்டாக்களுக்கு நடுவில் வேட்டி விலகிக் கிடந்தார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பிரம்மநாயகியின் அண்ணன் சங்கரசுப்பிரமணியனும் அவர் மனைவியும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். பெற்றவள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

அதற்காக வீட்டில் பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. டவுணில் தெற்கு ரதவீதிக்குப் பின்னால் இரண்டு அறையும் அடுக்களையும் உள்ள அந்த வீட்டில் ஒரு தினுசான தமிழ் புழங்கியது. சாப்பாடு எடுத்து வச்சிருக்கு. வெந்நி போட்டிருக்கு. கதவு சாத்தியாச்சு. எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வது. யார் எடுத்து வைத்தது, யாருக்கு என்பதெல்லாம் அதில் கிடையாது. வாங்க, போங்க, சாப்பிடுங்க என்று ஒரு ஆளை நோக்கி வருகிற வார்த்தை அந்த வீட்டில் செத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அப்படியேதான். ஒன்று மட்டும் புதிது. காலை ஏழு மணிக்கு அவள் மாத்திரை டப்பாவோடு வந்து நிற்பாள். அவர் கையை நீட்டுவார். கோயிலில் திருநீறு விழுகிற மாதிரி, நாலு விரற்கடை உயரத்திலிருந்து, கை படாமல் மாத்திரை உள்ளங்கையில் விழும். அவர் விழுங்கித் தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்டுவார். அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தாணுமாலையன் ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டு, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட அவர் அப்படிக் காத்திருந்ததில்லை.

அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, இதைப் படி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நன்றாக மடித்து மாத்திரை டப்பாவின் அடியில் வைத்தார். எப்படியும் கண்ணில் படும் என்று கணக்கு. அவளோ மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய காகிதம் எதையும் தொடுவதில்லை. தினமும் டப்பாவைத் திறந்தாள், மாத்திரையை எடுத்தாள், தாளை அப்படியே விட்டு மூடினாள். பேசாதவர்கள் வீட்டில் காகிதம் மட்டும் பேசுமா?

நாற்பது கையெழுத்துகள் விழுந்தன. அட்டையில் அவற்றை வரிசையாகப் பார்க்கையில், தான் போட்ட எந்த எல்லைக்கோட்டைவிடவும் அது திருத்தமாக இருப்பதாக அவருக்குத் தோன்றும். ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அந்த மாத்திரை வாயில் ஒரு பூண்டு வாடையை விட்டுப் போகும். எதைத் தின்றாலும் அந்த ருசிதான். பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். அவள் தட்டைப் பார்ப்பாள், எடுத்துப் போய்க் கொட்டுவாள்.

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரசுப்பிரமணியன் வந்திருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். ஊரில் யாருக்கு என்ன சீக்கு என்றாலும் மருந்து சொல்லுகிறவர். மாப்பிள்ளை இப்படி ஓடாகத் தேய்ந்துவிட்டாரே என்று தங்கையிடம் அடுக்களையில் வைத்துச் சொன்னார். வரும்போதே பைக்குள் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். தனக்குத் தெரிந்த வைத்தியர் கொடுத்த அரிஷ்டம், சாப்பிட்டதும் கொடுத்தால் பசி பிய்த்துக்கொண்டு வரும் என்றார். மறைத்துப் பேசவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, மருந்துதானே.

மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும். தாணுமாலையன் வழக்கம்போலப் பாதியில் கை கழுவினார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தபோது பிரம்மநாயகி கையில் டம்ளரோடு வந்தாள். மேஜையில் வைக்கவில்லை. கையிலேயே கொடுத்தாள். அவள் விரல் நுனி அவர் விரலில் பட்டது.

“இதைக் குடிங்க. பசி எடுக்கும்.”

இரண்டரை வருஷம் கழித்து அவரைப் பார்த்து, அவருக்காக, அவரிடம் சொன்ன வார்த்தை. குடிங்க.

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. வெல்லம் புளித்த வாடை, அதற்கடியில் அந்தப் பழைய வாடை. டாக்டர் சொன்னது, தாளில் அச்சடித்திருந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, தாணுமாலையன் தெரிந்தேதான் குடித்தார். வேண்டாம் என்று சொன்னால் அவள் முகம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தார். கிடைத்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. முக்கால் டம்ளர் கறுப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று வேறு சொன்னார்.

கால் மணி நேரம் ஆகவில்லை. காதுமடல் எரிந்தது. முகமும் கழுத்தும் செக்கச் செவேல் என்று ஆயின. தலைக்குள் உலக்கை இடித்தது. முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு அடிக்கிற அடியில் சட்டை துடித்தது.

சங்கரசுப்பிரமணியன் வந்து நின்று பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார்.

“குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சும்மாவா சொன்னான். எங்கனயோ ஒளிச்சு வச்சிருந்து குடிச்சிருக்காரு, நாயகி. நீதான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்க.”

பிரம்மநாயகி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாணுமாலையன் தாங்கியிருப்பார். அதில் இருந்தது, எனக்குத் தெரியும் என்கிற பார்வை. இப்படித்தான் முடியும் என்று நாற்பது நாளும் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்கிற பார்வை. நான் குடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். குடித்ததும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனும் தங்கையும் இரண்டு பக்கமும் உட்கார, நடுவில் அவர். ஆற்றுப்பாலத்தில் போகும்போது நிறுத்தச் சொல்லி மறுபடி வாந்தி எடுத்தார். கீழே தாமிரபரணியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் துணியை அலசிக்கொண்டும் முங்கிக் குளித்துக்கொண்டும் இருந்தது. இத்தனை பேரில் ஒரு ஆளுக்குக்கூடத் தன்னைத் தெரியாது என்று நினைத்தார். தெரிந்த இரண்டு பேர் பக்கத்தில் இருப்பதைவிட அது தேவலாம் என்றும் நினைத்தார்.

அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார்.

“அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லணும். நான் ஏச மாட்டேன். என்ன குடிச்சிய, எம்புட்டு குடிச்சிய?”

தாணுமாலையன் கண்ணை மூடிக்கொண்டார். சொன்னால் அவள் கொடுத்தாள் என்று ஆகும். சொல்லாவிட்டால் பிராந்தி என்று ஆகும், அவள் இன்றைக்கே அண்ணனோடு அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிடுவாள்.

பாத்திமாதான் பிரம்மநாயகியின் பக்கம் திரும்பினாள். மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோறு, சொதி, துவையல் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அப்புறம் முக்கால் டம்ளர் அரிஷ்டம் என்றாள். பாத்திமாவின் கையில் இருந்த பேனா நின்றது.

டாக்டர் சத்தம் போடவில்லை. அந்தத் தாளைப் படிக்கவில்லையா அம்மா என்று மட்டும் கேட்டார். எந்தத் தாள் என்று அவள் கேட்டாள். அரிஷ்டம் ஊறும்போதே அதில் குடி ஊறுகிறது, அதுவும் முக்கால் டம்ளர், நல்லவேளை இத்தோடு போயிற்று என்று விளக்கினார். சங்கரசுப்பிரமணியன், அது மருந்துல்லா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, காப்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லி வெளியே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

டாக்டர் போகும்போது, இது அறியாமல் நடந்தது, இதைக் குடித்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், இரண்டு மூன்று நாள் விட்டு அதே அட்டையில் தொடர்ந்து மாத்திரை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அறியாமல் என்ற வார்த்தை தாணுமாலையனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் இல்லை, பிரம்மநாயகி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் குளுக்கோஸ் சொட்டுவதையே பார்த்தாள்.

“அதைக் குடிக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் நேராகியிருக்கும். அவர் இருபது வருஷம் பொய் சொல்லிப் பிழைத்தவர்தான். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

“தெரியும்.”

“பெறவு ஏன் குடிச்சிய?”

“நீ குடிங்கன்னு சொன்ன.”

சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. இதைவிட உண்மையாகத் தான் எதையும் சொன்னதில்லை என்று நினைத்தார். அவள் உருகிவிடுவாள் என்றுகூட ஒரு நொடி நம்பினார்.

பிரம்மநாயகி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இருவது வருசமா குடிக்காதியன்னு சொன்னேன். அதைச் சொன்னதும் நாந்தான?”

அந்தக் கேள்வியோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் ஸ்டூலை விட்டு எழுந்து போன பிறகு, உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு இன்னொன்றும் உறைத்தது. டம்ளரை மூக்கருகே கொண்டுபோன அந்த நொடியில் நாக்கில் எச்சில் ஊறியது. அவள் வார்த்தைக்காகக் குடித்தாரா, அந்த வாடைக்காகக் குடித்தாரா? எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. இதை யாரிடம் கேட்க முடியும்? கொடுத்தவளிடம் கேட்க முடியாது. டாக்டரிடமும் கேட்க முடியாது. தனக்குத் தானே கேட்டால் பதில் சொல்கிற ஆள் குடிகாரன். அவ்வளவு தனியாக அவர் அதுவரை, அந்த வெறும் தரைக்கு மேல் படுத்திருந்த இருபத்தொரு நாளிலும்கூட, இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரம்மநாயகி வந்திருந்தாள், அண்ணன் இல்லாமல். பழைய அட்டையைப் பையிலிருந்து எடுத்து பாத்திமாவின் மேஜையில் வைத்து, புது அட்டை ஒன்று வேண்டும் என்றாள். எதற்கு, அதுதான் டாக்டர் இதிலேயே தொடரச் சொன்னாரே, தெரியாமல் நடந்ததுதானே என்று பாத்திமா கேட்டாள்.

தாணுமாலையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதோ இப்போது சொல்லிவிடுவாள், தெரிந்தேதான் குடித்தார் என்று. சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

பிரம்மநாயகி சொல்லவில்லை. ஒண்ணுலருந்து எழுதினாத்தான் எனக்குச் சரியா வரும் என்று மட்டும் சொன்னாள்.

புது அட்டை வந்தது. பாத்திமா முதல் கோட்டை நிரப்பித் தள்ளினாள். பிரம்மநாயகி தன் பெயரை எழுதினாள். மூன்றாவது கோட்டில் பேனா இந்தத் தடவை நிற்கவில்லை. தாணுமாலையன் எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவள் மறைக்கவில்லை. அதே எழுத்துதான், வீட்டில் இருப்பவர். முன்பு அதை வாசித்தபோது ‘வீட்டில்’ என்பது குத்தியது. இப்போது ‘இருப்பவர்’ என்பதை இரண்டு தடவை வாசித்தார்.

வாசலில் ஆட்டோ நிற்பதாக அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு நாலு எட்டு பின்னால் நடந்தார்.